ஒன்பது தானியமும் ஒரே குக்கரிலா?

அந்த அம்மா பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தார். "நீங்களே பாருங்க மேடம். வீட்டுல வெள்ளைச் சோறு வடிச்சே ஆறு மாசம் ஆச்சு. இதுதான் மூணு வேளையும்." அவருடைய வீட்டுக்காரருக்கு வயது 58. சர்க்கரை வந்து பத்து வருடமாகிறது. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 264.

டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டுப் பார்த்தேன். வரகும் சாமையும் குழைந்து களியாகக் கிடந்தன. நடுநடுவே சோளமும் பார்லியும் விறைப்பாக, முழுசு முழுசாக. ஒரு சோளத்தை விரலால் நசுக்கினால் உள்ளே வேகாத மாவு வெள்ளையாகத் தெரிந்தது. கடையில் வாங்கிய ஒன்பது தானிய பாக்கெட். கழுவி அப்படியே குக்கரில் போட்டு ஐந்து விசில் விடுகிறார். வீட்டுக்காரரோ வேகாததைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, குழைந்ததில் மோர் ஊற்றிக் கரைத்து, வயிறு நிறையவில்லை என்று மறுசோறும் வாங்கிக்கொள்கிறார். "சிறுதானியம்தானே மேடம், எவ்வளவு சாப்பிட்டாலும் சுகர் ஏறாதுல்ல?"

வாரத்துக்கு நான்கு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஏறும். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். வரகிலும் சாமையிலும் 65, 66 கிராம். பன்னிரண்டு கிராம்தான் வித்தியாசம். அது மறுசோற்றின் முதல் கரண்டியிலேயே போய்விடும். சிறுதானியத்தின் உண்மையான பலம் நார்ச்சத்து. அரிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அது தவிட்டோடு இருக்கும் தானியத்துக்குத்தான். பால் போல வெளுத்த, கண்ணாடி போல மின்னுகிற சாமையைக் கடையில் பார்த்தால் தவிடெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். பழுப்பாக, கொஞ்சம் மங்கலாக இருப்பதை வாங்குங்கள். அதேபோல, குழைய வேகவைத்ததும், மாவாக்கிக் கஞ்சி காய்ச்சியதும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். உதிரியாக வெந்தது மெதுவாக ஏற்றும்.

இங்கேதான் ஒன்பது தானிய பாக்கெட் காலை வாரிவிடுகிறது. சாமையும் குதிரைவாலியும் அரை மணி நேரம் ஊறினால் இரண்டு விசிலில் வெந்துவிடும். முழுக் கம்பும் சோளமும் ராத்திரி முழுக்க ஊறி, ஏழெட்டு விசில் கேட்கும். மாப்பிள்ளைச் சம்பாவும் கிட்டத்தட்ட அந்தச் சாதிதான். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், இன்னொன்று கல்லாக நிற்கும். வேறு வழியே இல்லை. நிறைய தானியம் சேர்ந்தால் நிறைய சத்து என்பது பாக்கெட்டின் மேல் அச்சடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்லும் கணக்கு எளிது. ஒன்றாக வேகும் இரண்டை மட்டும் சேருங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு சாமை. வயிறு பழகியதும் பாதிக்குப் பாதி. எடுத்தவுடனே முழுக்கச் சிறுதானியத்துக்கு மாறுகிறவர்கள்தான் வயிறு உப்புசம், மலச்சிக்கல் என்று வருவார்கள். நார்ச்சத்து கூடினால் தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். கைப்பிடி பாசிப்பருப்பையும் சேர்த்துப் போடுங்கள், அதுவும் இதே நேரத்தில் வேகும், புரதமும் கிடைக்கும்.

கழுவுவதில் அவசரம் வேண்டாம். சாமையில் பொடிக் கல் இருக்கும். இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு, தண்ணீரோடு தானியத்தை மெல்லச் சாய்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரித்து எடுத்தால் கல் அடியில் தங்கிவிடும். நம் பாட்டிமார் அரிசிக்குச் செய்ததுதான். கல் இல்லாத அரிசி வந்தபிறகு நமக்குக் கை மறந்துவிட்டது. அப்புறம் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், நடுத்தரத் தீ, இரண்டு விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் கிளறாமல் ஐந்து நிமிடம் விட்டு, முள்கரண்டியால் உதிர்த்துவிடுங்கள்.

அளவை வெந்தபிறகு பார்க்காதீர்கள், பச்சையாகவே அளந்துவிடுங்கள். மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு.

தவிட்டோடு இருக்கும் தானியத்தில் எண்ணெய்ப்பசை உண்டு. வெயில் காலத்தில் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். அதனால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பூஞ்சை வாடை வந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, மனசு கேட்காமல் கழுவிச் சமைக்க வேண்டாம். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் செத்துப்போனது நினைவிருக்கலாம். அவை மேய்ந்தது வரகுப் பயிரை. பரிசோதனையில் கிடைத்தது, பூஞ்சை பிடித்த வரகில் உண்டாகும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு. நல்ல வரகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்து வரகை ஒதுக்க வேண்டாம், கெட்டதை மட்டும் ஒதுக்குங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிட்டுத் தானியத்துக்கு மாறுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் அவர்களுக்குச் சிக்கல். தைராய்டு உள்ளவர்கள் கம்பை மட்டுமே தினம் மூன்று வேளையும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் போதும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லியும் ஆகாது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பதி வந்தார்கள். மருந்து அதேதான், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அளவு 192. இன்னும் இறங்க வேண்டும், ஆனாலும் சரியான பக்கம்தான் போகிறது. "அந்த ஒன்பது தானியம் ரெண்டு கிலோ கிடக்குதே மேடம், என்ன பண்ண?" என்றார் அந்த அம்மா. ராத்திரி ஊறவைத்து, சரிபாதி கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கரகரப்பாக அரைத்து அடை வார்த்துவிடுங்கள் என்றேன். அடைக்கு எது முந்தி வேகும், எது பிந்தி வேகும் என்ற கவலை இல்லை. வீட்டுக்காரர் உடனே கேட்டார்: "எத்தனை அடை?"

இரண்டு.