பக்கவாதக் கைக்கு விஆர் பயிற்சி: ஸ்கோரைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு நடை ஓரளவு திரும்பிவிடுகிறது, கைதான் பின்தங்குகிறது. எழுந்து நடக்காமல் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது என்பதால் கால் தினமும் வேலை செய்கிறது. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாப்பாடு, சட்டை, போன் எல்லாவற்றையும் நல்ல கையே பார்த்துக்கொள்கிறது. தெரபியிலும் கைக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. அமெரிக்க, கனடா மறுவாழ்வு மையங்களில் உடனிருந்து எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஒரு பொருளை எட்டிப் பிடிப்பது போன்ற செயல்பயிற்சியில் ஒரு செஷனுக்குச் சராசரியாக 32 அசைவுகள்தான் நடந்தன. மூளையில் மாற்றம் வரவைத்த விலங்குப் பரிசோதனைகளில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது.

விஆர், அதாவது கண்ணை மூடும் ஹெட்செட்டில் ஒரு விளையாட்டு உலகத்தையே கண்முன் காட்டும் மெய்நிகர் தொழில்நுட்பம், உதவுவது இந்த இடத்தில்தான். “கையை நீட்டுங்க, மடக்குங்க” என்றால் இருபது தடவையில் சலித்துவிடும். எதிரே வரும் பலூனை உடைக்கச் சொன்னால் அதே மனிதர் நூறு தடவை நீட்டுகிறார். அந்த விஆர் கண்ணாடிக்குள் வேறு வைத்தியம் எதுவும் இல்லை.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு அறிக்கை 72 ஆய்வுகளைப் பார்த்தது. அதில், வழக்கமான தெரபிக்குப் பதிலாக விஆர் கொடுத்தபோது கைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான தெரபியோடு சேர்த்துக் கூடுதல் நேரமாகக் கொடுத்தால் பலன் தெரிந்தது. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நின்டெண்டோ வீ (டிவி முன் ரிமோட்டை அசைத்து ஆடும் வீடியோ கேம்) விளையாடியவர்களும் சீட்டாட்டம், பிங்கோ போன்ற சாதாரண விளையாட்டுகள் ஆடியவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். எனவே “விஆர் இருக்கிறது, பிசியோ வேண்டாம்” என்று எந்த மையமாவது சொன்னால் ஏற்காதீர்கள்.

உட்காருவதில் இருந்து ஆரம்பிப்போம். சக்கரம் இல்லாத, முதுகு சாயும் நாற்காலி வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். ஆரம்ப நாட்களில் நின்றபடி வேண்டாம். கண்ணை மூடிய ஹெட்செட் நிதானத்தைக் குலைக்கும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். பாதித்த பக்கம் அட்டெண்டர் ஒருவர் நிற்கட்டும். கைக்கு உதவ வேண்டியிருந்தால் முழங்கைக்குக் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள்மூட்டு ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கும், இழுத்தால் மாதக்கணக்கில் வலி நிற்கும். அதே காரணத்துக்காக, தோள்பட்டை எலும்பு சரியாகச் சுழலாதவருக்குக் கை தோள் உயரத்தைத் தாண்டாதபடி கேம் இலக்குகளைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

இனி, அதிகம் தவறுகிற இடம். பலூன் எட்டாத தூரத்தில் வருகிறது. முழங்கை நீளவில்லை. நோயாளி என்ன செய்வார்? இடுப்பில் இருந்து உடம்பை முன்னால் தள்ளுவார், தோளைக் காது வரை ஏற்றுவார், கையைப் பக்கவாட்டில் வீசுவார். பலூன் உடைந்துவிடும், ஸ்கோர் ஏறும், எல்லாரும் கைதட்டுவார்கள். முழங்கையோ தொடங்கிய மடக்கிலேயே இருக்கும். கேமுக்குத் தெரிவது கை இருக்கும் இடம் மட்டும்தான்; அது அங்கே எப்படிப் போனது என்பது தெரியாது. இப்படி ஒரு மாதம் ஆடினால் தப்பான அசைவுதான் நன்றாகப் பழகும்.

இதைத் தடுக்க, அகலமான வெல்க்ரோ பெல்ட்டால் மார்பை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள். மூச்சு தடைபடாத அளவு இறுக்கம் போதும். அடுத்து, உடம்பு சாயாமல் கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து, இலக்கை முதலில் அதற்குச் சற்று உள்ளேயே வையுங்கள். பத்தில் எட்டு சரியாக வந்தால் கொஞ்சம் தள்ளுங்கள். தோள் ஏறத் தொடங்கினால் களைத்துவிட்டார் என்று பொருள். அந்தச் சுற்று அங்கேயே முடியட்டும். ஐந்து நிமிடச் சுற்று, இரண்டு நிமிட ஓய்வு என்று தொடங்கி மெல்ல இருபது, முப்பது நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம்.

கேமை இயக்கக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை இறுகப் பிடிக்க வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. விரல் இறுக்கம் உள்ளவர் பிடிக்கப் பிடிக்க இறுக்கம் கூடலாம். அவருக்குத் தேவை விரல் விரியும் பயிற்சி. கேமரா வழியாகக் கையை அறியும் வசதி நல்லது, ஆனால் அதற்கும் சிக்கல் உண்டு. மூடிய முஷ்டியையும், ஒன்றை ஒன்று மறைக்கும் இரண்டு கைகளையும், மங்கிய வெளிச்சத்தையும் அது குழப்பிக்கொள்ளும். கேமில் கை திடீரென மறைந்தால், தன் கைதான் மோசமாகிவிட்டது என்று நோயாளி மனம் உடைந்துபோகிறார். மெஷின் கோளாறு என்று உடனே சொல்லுங்கள்.

அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும். ஹெட்செட் காட்சியை டிவியிலோ போனிலோ காஸ்ட் செய்யாமல் செஷனைத் தொடங்க வேண்டாம். வலது மூளை பாதித்த சிலருக்கு இடப்பக்கம் கவனத்திலேயே வராது. அந்தப் பக்க இலக்குகளை விட்டுவிடுவது கை பலவீனமா, கவனக்குறைவா என்பது திரையைப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படிப்பட்டவருக்கு நடுவில் தொடங்கி, சிறிது சிறிதாக இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

வலிப்பு வந்தவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கடும் தலைச்சுற்றல் உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவர் சம்மதம் இல்லாமல் ஹெட்செட் போடக் கூடாது. குமட்டல், வியர்வை, தலைவலி வந்தால் உடனே கழற்றுங்கள். காட்சி தானாக நகரும் கேம்களில் குமட்டல் அதிகம். காட்சி நின்றிருக்க, கை மட்டும் அசையும் கேமைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு பாதித்தவரிடம் “நிறுத்து” என்பதற்கு ஒரு கை சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் எழுந்து போகவிடாதீர்கள். கண்ணாடிக்குள் எடுத்த டம்ளருக்கு எடையும் இல்லை, வழுக்கலும் இல்லை. எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று கை அங்கே கற்றுக்கொள்வதே இல்லை. அதனால் அடுத்த பதினைந்து நிமிடம் நிஜப் பொருள்கள்: பாதி தண்ணீர் உள்ள எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி வைப்பது, குழாயைத் திருகுவது, சட்டைப் பட்டன், துண்டு மடிப்பது. விரல் சற்றும் அசையாதவருக்கு இது முடியாது. அவருக்கு, நல்ல கையின் அசைவை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டும் கண்ணாடிப் பெட்டிப் பயிற்சியோ, கையைத் தாங்கி இயக்கும் ரோபோ கருவியோ பொருத்தம். வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ அப்படி ஒரு கருவி. மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் கேமோடு சேர்த்துப் பயிற்சி தருகிறது.

முன்னேற்றத்தைக் கேமில் அளக்காமல் மேஜையில் அளக்கலாம். சிறு மரக்கட்டைகளை ஒரு பெட்டியில் இருந்து தடுப்பைத் தாண்டி அடுத்த பெட்டிக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மாற்றுகிறார் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்துவையுங்கள். கேம் ஸ்கோர் ஏறி, கட்டைக் கணக்கு அப்படியே நின்றால் பெல்ட்டையும் இலக்கு தூரத்தையும் திரும்பச் சரிபார்க்கச் சொல்லித் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.