யூ டர்னில் அடிக்காத ஹாரன்

போன மாதம் ஒருவர் காரை நிறுத்திவிட்டு, "அண்ணே, ஸ்டீரியோவை மாத்திடுங்க" என்றார். ஸ்டீரிங்கில் உள்ள வால்யூம் பட்டன் ஒரு நேரம் வேலை செய்கிறது, ஒரு நேரம் இல்லை. செட் போய்விட்டதாக ஏற்கெனவே ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஹாரன் ஒழுங்கா அடிக்குதா?"

"யூ டர்ன் எடுக்கிறப்ப மட்டும் அடிக்க மாட்டேங்குதுண்ணே. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் தள்ளிப்போட்டது தனிப் பழுது இல்லை. பட்டனைக் கெடுத்ததும் அதேதான். பெரும்பாலான கார்களில் ஹாரன், ஆடியோ பட்டன், ஏர்பேக் மூன்றின் இணைப்பும் ஸ்டீரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒரே தட்டை கேபிள் வழியாகத்தான் போகும். கிளாக் ஸ்பிரிங் என்போம்.

உறுதிப்படுத்த ஏர்பேக்கைக் கழற்றத் தேவையில்லை. ஸ்டீரியோவை வெளியே எடுத்து, பின்னால் கம்பிகள் வந்து சேரும் கப்ளரில் பட்டன் கம்பியிலும் அதன் எர்த்திலும் மீட்டரை ஓமில் வைத்தேன். எல்லா பட்டனுக்கும் ஒரே கம்பிதான். ஒவ்வொன்றும் ஒரு ஓம் அளவு காட்டும், அதை வைத்துத்தான் செட் எந்த பட்டன் என்று கண்டுபிடிக்கிறது. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, வால்யூம் பட்டனை அமுக்கியபடியே பையனை ஸ்டீரிங் வீலைத் திருப்பச் சொன்னேன். நேராக இருந்தவரை 300 ஓம் சொச்சம், அசையாமல் நின்றது. வலப்பக்கம் அரைச் சுற்று போனதும் இணைப்பே இல்லை என்று மீட்டர் கை விரித்துவிட்டது. கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. (பட்டன் தகவலை லின், கேன் என்ற டிஜிட்டல் முறையில் அனுப்பும் புது வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது, ஸ்கேனர்தான்.)

ஒரே ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால், பட்டன்கள் உட்கார்ந்திருக்கும் சுவிட்ச் பேடைப் பாருங்கள். வால்யூமை அமுக்கினால் பாட்டு மாறுகிறதா? காண்டாக்டில் அழுக்கு சேர்ந்து ஓம் கூடி, பக்கத்து பட்டனின் அளவைக் காட்டுகிறது. சானிடைசர் ஈரத்தோடு ஸ்டீரிங் பிடிக்கிறவர்களின் வண்டியில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். புது ஆண்ட்ராய்டு செட் போட்ட அன்றே எல்லாம் நின்றுபோனால், பெரும்பாலும் பட்டன் கம்பியைச் செட்டில் கொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது செட்டிங்கில் பட்டனைப் பழக்கியிருக்க மாட்டார்கள்.

பாட்டு கேட்காவிட்டால் உயிர் போகாது. ஆனால் அதே கேபிளில் ஏர்பேக் கம்பியும் அறுந்தால், மோதும்போது ஓட்டுநர் பக்க ஏர்பேக் விரியாமல் போகலாம். ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். வீட்டில் நீங்களே பிரிக்கவும் வேண்டாம். நாங்களே பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் தொடுவோம். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு கரண்டிலேயே வெடிக்கக்கூடும்.

"சமீபத்தில் ஸ்டீரிங் வேலை ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இரண்டு மாதம் முன்பு ரேக், அதாவது ஸ்டீரிங் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகத்தை மாற்றியிருக்கிறார். ரேக் கழன்றிருக்கும்போது ஸ்டீரிங் வீல் தடையில்லாமல் சுற்றும். நடு நிலை தவறிய கேபிள் அடுத்த முழுத் திருப்பத்தில் இழுபட்டுக் கிழியும். ரேக் வேலைக்கு வண்டி விடும்போது, வீலை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.