ஓட்டை விழுந்த அட்டவணை

பத்து லட்சம் ஆர்டர்கள் உள்ள ஓர் அட்டவணை. மொத்தத்தையும் வெளியே எடுத்துத் தரும்படி மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளிடம் கேட்கிறீர்கள். 4,12,033ஆம் எண் ஆர்டர் வரை ஒழுங்காக வருகிறது. அடுத்த வரி வருவதற்குள் சர்வர் விழுந்துவிடுகிறது. எழுப்பிவிட்டு மறுபடி கேட்டால், மறுபடியும் 4,12,033. மூன்றாவது முறையும் அதே இடம்தான்.

இந்தக் கட்டத்தில் 'டேபிள் போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கோ இது நம்பிக்கை தரும் அறிகுறி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது என்றால், பழுது ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கலாம்.

இங்கே ஓர் ஆர்டர் என்பது ஒரு வரிசை. டேட்டாபேஸ் வரிசை வரிசையாக டிஸ்க்கில் எழுதுவதில்லை. பக்கம் பக்கமாகத்தான் எழுதும், படிக்கும். மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவை எழுதிப் படிக்கும் பகுதியான இன்னோடிபி எஞ்சினில் ஒரு பக்கம் வழக்கமாக 16 கிலோபைட், அதாவது 16,384 பைட். வேறு டேட்டாபேஸ்களான போஸ்ட்கிரெஸில் 8 கிலோபைட், எஸ்கியூலைட்டில் இப்போது 4. நம் அட்டவணையில் ஒரு வரிசை சுமார் 200 பைட் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 75 வரிசை. பத்து லட்சத்துக்கு 13,000க்கும் மேல் பக்கங்கள். அதில் ஒன்று கெட்டால் மாட்டிக்கொள்வது 75 வரிசை. மீதி 9,99,925 வரிசையும் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. பிழைச் செய்தியைப் படித்தால் மட்டும் எல்லாமே போனது போலத் தெரியும்.

அப்படியானால் சர்வர் ஏன் விழ வேண்டும்? ஒவ்வொரு பக்கத்தின் முதல் 4 பைட்டில் ஒரு செக்சம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள மற்ற பைட்டுகளை வைத்துக் கணக்கிட்ட எண் அது. படிக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, விடை ஒத்துவராவிட்டால் எஞ்சின் அந்தப் பக்கத்தைத் தொட மறுக்கிறது. இன்னோடிபி இதற்குப் பயன்படுத்தும் சிஆர்சி முறை வெஸ்லி பீட்டர்சன் 1961இல் முன்வைத்தது. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட பக்கத்தை நம்பிப் படித்து, தப்பான தொகையை யாருக்கோ காட்டுவதைவிட நின்றுவிடுவது மேல் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். சர்வர் மறுப்பது வேறு, தரவு அழிவது வேறு. மீட்பு வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நடக்கிறது.

பழுது எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். டிஸ்க் ஒரே மூச்சில் எழுதுவது பெரும்பாலும் 512 அல்லது 4,096 பைட் துண்டுகளை. 16 கிலோபைட் பக்கத்தை எழுதி முடிக்க அப்படி 32 துண்டோ 4 துண்டோ வேண்டும். பாதியில் மின்சாரம் போனால், பக்கத்தின் மேல்பாதி புதியது, கீழ்ப்பாதி பழையது. கிழிந்த பக்கம் என்று இதைச் சொல்வார்கள். இதற்காகவே இன்னோடிபி எந்தப் பக்கத்தையும் முதலில் தனியிடம் ஒன்றில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் உரிய இடத்தில் எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் முழுப் பக்கத்தின் நகலைத் தன் லாகில், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பில், வைத்துக்கொள்கிறது. ஆனால் நினைவகத்தில் இருக்கும்போதே ஒரு பிட் புரண்டுவிட்டாலோ, டிஸ்க் 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொன்னாலோ இந்தக் காவல் போதாது. 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் இதை நேரடியாகவே எதிர்கொண்டார்கள். எழுதுவதில் பிழை நேர்ந்தால் லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடும். மறுபடி கேட்டால் 'எல்லாம் சரி' என்று பதில் வரும். அதற்குப் பிறகு, அப்படி ஒரு பிழை வந்தால் உடனே சர்வரை நிறுத்தி, லாகிலிருந்து மீண்டும் கட்டிக்கொள்ளும்படி போஸ்ட்கிரெஸை மாற்றினார்கள்.

சரி, மீட்புக்கு வருவோம். சர்வரை நிறுத்த வேண்டும். தரவு இருக்கும் முழு அடைவையும், லாக் கோப்புகளோடு சேர்த்து, வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். டிஸ்க்கே பழுது என்றால் கோப்பாக எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் பிட்டுக்குப் பிட்டு பிம்பமாக எடுப்பது நல்லது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஏனென்றால் சர்வரைச் சும்மா ஒருமுறை கிளப்பினாலே அது எழுதத் தொடங்கிவிடும். பாதியில் நின்ற பரிவர்த்தனைகளின் மாற்றங்களைத் திரும்பப் பெறும், நீக்கிய வரிசைகளின் இடத்தைக் காலி செய்யும். நாம் தேடும் பைட்டுகள் அந்தக் காலி இடத்திலேயே இருக்கலாம். இனி எந்த முயற்சியும் நகலின் மேல்தான்.

அடுத்து, கெட்டது தரவா, இண்டெக்ஸா என்று பார்க்க வேண்டும். இண்டெக்ஸ் என்பது வரிசைகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல், தரவிலிருந்து பிறந்தது. அது மட்டும் கெட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், ஒரு வரிசையும் போகாது. மைஎஸ்கியூஎல்லின் பழைய எஞ்சினான மைஐசாமின் அட்டவணைகளில் இண்டெக்ஸ் தனிக் கோப்பாகவே இருக்கும். 'பழுது பார்க்கவும்' என்ற ஒரே கட்டளையில் அவற்றில் பல எழுந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னோடிபியில் கதை வேறு. அங்கே இண்டெக்ஸ் என்பது வேரிலிருந்து கிளை பிரிந்து இலைகளில் முடியும் பக்கங்களின் மரம். முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் எண், இங்கே ஆர்டர் எண்) மரத்திலேயே, அதன் இலைப் பக்கங்களில்தான், வரிசைகள் குடியிருக்கின்றன. மரத்தைத் தூக்கிப் போட்டால் தரவும் போய்விடும். ஆனால் அதே அமைப்பில் நமக்கு உதவும் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு இலைப் பக்கமும் தனக்கு முந்தைய பக்கத்தின் எண்ணையும் அடுத்த பக்கத்தின் எண்ணையும் தலைப்பில் வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு முனையிலிருந்தும் நடக்கலாம். ஏறுவரிசையில் கேட்டு 4,12,033 வரை எடுத்துக்கொள்கிறோம். பிறகு பத்து லட்சத்திலிருந்து இறங்குவரிசையில் கேட்கிறோம். 4,12,109இல் வந்து நிற்கிறது. நடுவில் விடுபட்டவை 4,12,034 முதல் 4,12,108 வரை, சரியாக 75 எண்கள். ஒரு பக்கத்தின் அளவு. ஓட்டையின் இரு கரையும் இப்போது தெரிந்துவிட்டது.

கெட்ட பக்கத்தைத் தொட்டதும் சர்வர் விழாமல் இருக்க, மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்று ஓர் அமைப்பு உண்டு. 1 முதல் 6 வரை எண் கொடுக்கலாம். 1 கொடுத்தால் பழுதான பக்கங்களைத் தாண்டிக் குதிக்க முயலும். 3 என்றால் பாதியில் நின்ற பரிவர்த்தனைகளின் மாற்றங்களைத் திரும்பப் பெறாது. 6 என்றால் லாகையே பார்க்காமல் எழுந்துகொள்ளும். 4 முதல் மேலே போனால் கோப்புகள் நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு என்று ஆவணமே எச்சரிக்கிறது. 1இல் தொடங்கி, முடியாவிட்டால் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் 6 போடுவது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதற்குச் சமம். போஸ்ட்கிரெஸில் கெட்ட பக்கங்களைப் பூஜ்யமாக்கிவிட்டுப் படிக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் அந்தப் பக்கத்தின் எல்லா வரிசைகளும், நன்றாக இருந்தவை உட்பட, போய்விடும். நகல் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மரத்தின் வேர்ப் பக்கமே போயிருந்தால்? சர்வர் எழவே மறுத்தால்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொடங்குகிறது. சர்வரை விட்டுவிட்டு, கோப்பை வெறும் பைட்டுகளாகத் திறந்து, 16,384 பைட்டுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறோம். ஒவ்வொரு பக்கமும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. 4ஆம் பைட்டிலிருந்து பக்க எண். 24ஆம் பைட்டில் பக்கத்தின் வகை. அங்கே 17,855 என்ற எண் இருந்தால் அது மரத்தின் பக்கம். 66ஆம் பைட்டில் எந்த இண்டெக்ஸைச் சேர்ந்தது என்ற எண். அதையடுத்து 'இன்ஃபிமம்', 'சுப்ரீமம்' என்ற இரண்டு சொற்கள் ஆங்கில எழுத்திலேயே பளிச்சென்று தெரியும். பக்கத்தின் முதல் வரிசைக்கு முன்னும் கடைசி வரிசைக்குப் பின்னும் நிற்கும் காவல் வரிசைகள் அவை. மீட்புக் கருவிகள் டிஸ்க் முழுவதும் இந்த அடையாளங்களைத் தேடித்தான் பக்கங்களைப் பொறுக்குகின்றன. கிளைகள் போனாலும் இலைகளைப் பொறுக்கி, அவை சொல்லும் எண்களை வைத்து அடுக்கிவிடலாம்.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். ஆர்டர் எண் 5 என்பது அங்கே 128, 0, 0, 5 என்று நான்கு பைட்டாகக் கிடக்கும். எதற்கு அந்த 128? குறையெண்களும் மிகையெண்களும் பைட் வரிசையிலேயே சரியாக அடுக்கப்பட வேண்டும் என்பதற்காகக் குறி பிட்டை, அதாவது எண் குறையா மிகையா என்று சொல்லும் முதல் பிட்டை, இன்னோடிபி புரட்டி வைக்கிறது. இது தெரியாதவர் கண்ணுக்கு அந்த எண் 200 கோடிக்கும் மேல் என்று படும், குப்பை என்று தள்ளிவிடுவார். கமலா என்ற பெயர் (க, ம, ல, துணைக்கால்), எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். க என்றால் 224, 174, 149. ம என்றால் 224, 174, 174. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224இல் தொடங்கி 174 அல்லது 175 என்று தொடர்வதால், குழம்பிக் கிடக்கும் பைட்டுகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும் இடம் தாளம் போல் தெரிந்துவிடும். அதை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் எங்கே பெயர் முடிகிறது, எங்கே தொகை தொடங்குகிறது என்று அந்தப் பக்கம் சொல்லாது. பத்திகளின் (அட்டவணையின் நெடுவரிசைகளின்) பெயரும் வகையும் அதற்குள் இல்லை. அட்டவணையை உருவாக்கிய கட்டளை கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. எஸ்கியூலைட்டில் இந்தச் சிரமம் குறைவு. அங்கே ஒவ்வொரு வரிசையும் தன் பத்திகளின் வகையையும் நீளத்தையும் தன்னோடேயே சுமந்துகொண்டிருக்கிறது. 2019இல் வந்த அதன் 'ரெக்கவர்' கட்டளை, எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று தெரியாத வரிசைகளை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அட்டவணையில் போட்டுக் கையில் கொடுத்துவிடும்.

பொறுக்கியெடுத்ததை அப்படியே நம்பவும் முடியாது. நீக்கிய வரிசையை இன்னோடிபி உடனே அழிப்பதில்லை, நீக்கியதாக ஒரு பிட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கம் நிறைந்து இரண்டாகப் பிரியும்போதும், இடம் மாறிய வரிசைகளின் பழைய பைட்டுகள் முந்தைய பக்கத்திலேயே தங்கியிருக்கலாம். ஆக, ஒரே ஆர்டர் இரண்டு முறை வரலாம். ரத்தான ஆர்டர் உயிர்த்தெழலாம். தன் விவரத்தை நீக்கச் சொன்ன ஒருவரின் பெயர் திரும்பவும் பட்டியலில் ஏறலாம். இந்தக் கடைசி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். நீக்கப்பட்டது நீக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

இனி நம் 75 வரிசைக்குத் திரும்பலாம். பேக்கப்பும், அதன்பின் நடந்த மாற்றங்களின் பைனரி லாகும் இருந்தால் பிரச்சினையே இல்லை. லாகை வைத்து இழந்ததை மறுபடி நடத்திக்காட்டும் வழியை ஐபிஎம்மில் சி. மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் ஏரிஸ் என்ற பெயரில் விரிவாக எழுதினார்கள். இன்றைய டேட்டாபேஸ்கள் பலவற்றில் அதன் சாயலைப் பார்க்கலாம். லாகும் இல்லை என்றால் கிளை இண்டெக்ஸ்களை, அதாவது முதன்மைச் சாவி அல்லாத மற்றப் பத்திகளுக்கான இண்டெக்ஸ்களை, பார்க்க வேண்டும். இன்னோடிபியில் ஒவ்வொரு கிளை இண்டெக்ஸும் தனி மரம், தனிப் பக்கங்கள். அதில் தான் அடுக்கும் பத்தியும், கூடவே முதன்மைச் சாவியும் இருக்கும். வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் இருந்தால், அதை மட்டும் படிக்கச் சொல்லி 4,12,034 முதல் 4,12,108 வரை கேட்கலாம். எந்த ஆர்டர் யாருடையது என்று வந்துவிடும். தேதிக்கு ஓர் இண்டெக்ஸ் இருந்தால் தேதியும் கிடைக்கும். 75 எண்ணில் 3 வரவில்லை என்றால், அந்த 3 ஆர்டர்களும் எப்போதோ ரத்தாகி நீக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கும் அதுவே தடயம். ஆர்டரின் பொருள்களை வைத்திருக்கும் அட்டவணையில் அதே எண்களுக்கான விலைகளைக் கூட்டினால் தொகை வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் புதிய அட்டவணை ஒன்றில் ஏற்றி, எண்ணிக்கையையும் மாதவாரித் தொகையையும் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒத்துப்போகிறது. 72 ஆர்டர்களில் வாடிக்கையாளர், தேதி, தொகை மூன்றும் வந்துவிட்டன. வேறெங்கும் நகல் இல்லாத குறிப்புப் பத்தி மட்டும் காலியாக நிற்கிறது. அதற்கு அந்த 72 ஆர்டர்களின் வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.