மரத்துக்குள் மணல்: ஸ்க்ரோல் சா பிளேடு ஏன் சீக்கிரம் மொட்டையாகிறது?

பூஜை அறைக் கதவிலும் படச் சட்டத்திலும் கொடியும் அன்னமுமாக வளைந்து போகும் வேலைப்பாட்டை வெட்ட, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மரப் பட்டறைகளில் ஸ்க்ரோல் சா என்ற ரம்ப மெஷின் ஒன்று இருந்தால் போதும். 5 அங்குல நீளத்தில் ஒல்லியான பிளேடு மேலும் கீழுமாக ஆடும். பலகையில் துளை போட்டு உள்ளே கோத்துவிட்டால், நடுப்பலகையிலேயே எந்தப் பக்கமும் திருப்பலாம். மரம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சீக்கிரம் இந்தப் பிளேடு மழுங்கும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த, ஓரத்தில் ஆணி அடித்தாலே பிளந்துகொள்ளும் எம்டிஎஃப் பலகை, நல்ல கெட்டி மரத்தைவிட வேகமாகப் பல்லைத் தின்றுவிடும்.

காரணம், மர நாருக்கு எஃகைத் தேய்க்கும் சக்தி அவ்வளவாகக் கிடையாது. கடினப்படுத்திய எஃகு, கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் பெரும்பாலும் 600 முதல் 800 வரை வரும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 1,000-ஐத் தாண்டும். பல்லின் முனை அந்தத் துகள்மேல் உரசும்போதெல்லாம் எஃகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்து, துளி உலோகம் போய்விடும். எம்டிஎஃப்பில் இறுகிய பசையோடு, மரத்தை அரைக்கும்போது கலந்த மண்ணும் இருக்கும். ப்ளைவுட்டில் ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே கெட்டிப்பட்ட பசைக்கோடு ஓடுகிறது. அறுத்த பிளேடை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கூராக இருந்த முனை உருண்டு, வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். கூரான முனையில் அந்தப் பளபளப்பு தெரியாது.

மண் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. சில மரங்கள் தாமாகவே, மணலின் மூலப்பொருளான சிலிக்காவைச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. தேக்கில் அது 1.4 சதவீதம் வரை இருக்கலாம். இழைப்புளி அலகு அடிக்கடி தீட்டச் சொல்லிக் கேட்பது அதனால்தான். பனைக் குடும்பம் முழுக்கவே நார்க்கட்டுகளின் ஓரமாக நுண்ணிய சிலிக்கா மணிகளை அடுக்கிவைக்கும். தென்னையும் அந்தக் குடும்பம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டதை மறந்திருக்க மாட்டோம். தென்னையின் நடுப்பகுதி பஞ்சு மாதிரி இருக்கும், பட்டையை ஒட்டிய பகுதியோ கருங்காலி மாதிரி. அங்கே அடர்ந்த நார்க்கட்டும் சிலிக்காவும் சேர்ந்து சாதாரண ரம்பத்தைச் சீக்கிரமே ஓய்த்துவிடும்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னும் பழக்கமான சாட்சி நெல். நிலத்து நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை நெல்வேர் விரும்பி உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் இருக்கும் மரபணுவை 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். வைக்கோலின் உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட சிலிக்கா இருக்கும். நெல் தோகை கையைக் கிழிப்பதும், கருக்கரிவாளுக்கு மறுபடி மறுபடி கருக்கு வெட்ட வேண்டியிருப்பதும், இன்றைக்கு பெல்ட் வண்டி என்கிற நெல் அறுவடை மெஷினின் கத்திகள் தேய்வதும் இதே கதைதான். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. செடிக்குள் உருவாகும் சிலிக்கா குவார்ட்ஸ் அல்ல, படிகமாகாத ஓப்பல் வகை. கடினத்தில் எஃகுக்குக் கிட்டத்தட்ட சமம்தான். ஒரு உரசலில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் உரசல்கள் ஆயிரக்கணக்கில் விழுகின்றனவே!

இப்போது பிளேடைக் கவனியுங்கள். ஸ்க்ரோல் சா மேலும் கீழும் போகும் தூரம் பெரும்பாலும் முக்கால் அங்குலம், சுமார் 19 மில்லிமீட்டர். பலகை 6 மில்லிமீட்டர் கனம் என்றால், மரத்தைத் தொடும் பகுதி மொத்தம் 25 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 12 பல் உள்ள பிளேடில் 60 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேலை செய்வது 12 பல் மட்டும். மிச்சப் பற்கள் கடையில் வாங்கிய மேனிக்கே இருக்க, நாம் பிளேடைக் குப்பையில் போடுகிறோம். மேசைமேல் துளையிட்ட ஒரு தடிமனான பலகையைப் பொருத்தி, அதன்மேல் வைத்து அறுத்தால் புதுப் பற்கள் வேலைக்கு வரும். இவ்வளவு எளிய வழியை ஏன் பல பட்டறைகளில் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

வேகத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மெஷினை நிமிடத்துக்கு 1,500, 1,800 தடவை ஆடும்படி ஓடவிட்டு, மரத்தைத் தயங்கித் தயங்கித் தள்ளினால் பல் கடிக்காது, உரசும். உரசல் சூடாக மாறும். கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பதம் இளகத் தொடங்கும். 300-ஐ நெருங்கினால் நீலம் பாயும். பதம் போன பல் இன்னும் வேகமாகத் தேயும், தேய்ந்த பல் இன்னும் சூடாகும். சிராய்ப்புள்ள பொருளுக்கு வேகத்தைக் குறைத்து, கை நிதானமாக, விடாமல் தள்ளுவதுதான் சரி.

வீணை அலங்காரத்துக்கான பிளாஸ்டிக் தகட்டை அறுக்கும்போதும் பிளேடு நின்றுபோகும். ஆனால் அது வேறு வியாதி: தூள் உருகி, வெட்டிய இடம் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். அங்கே பல்லின் கூர்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய பல் பிளேடு போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மழுங்கிய பிளேடு முதலில் கையில்தான் தெரியும். தள்ளும் அழுத்தம் கூடும், பிளேடு பின்பக்கமாக வளையும், வரைந்த கோட்டிலிருந்து விலகும். அப்புறம்தான் வெட்டிய ஓரம் கருகும், கடைசியில் பிளேடே ஒடியும். ஒடிவது பெரும்பாலும் தேய்மானத்தின் பின்விளைவு: மொட்டைப் பிளேடை அழுத்தி அழுத்தி வளைத்ததால் எஃகு களைத்துப்போகிறது. கண்ணாடி, ஓடு போன்றவற்றுக்கு வைரத்தூள் பூசிய பிளேடு கிடைக்கிறது. அதில் பல்லே கிடையாது, தேய்த்துத்தான் அறுக்கும். மரத்தில் அதைப் போட்டால் மரத்தூள் அடைத்துக்கொண்டு புகைதான் வரும். தேக்குக்கும் ப்ளைவுட்டுக்கும் எஃகுப் பிளேடு தேய்வதைத் தாங்கிக்கொண்டு, டஜன் கணக்கில் வாங்கிவைப்பதே இன்றைக்கும் கட்டுப்படியாகும் வழி.