உரிமம்: உரிமையா, இசைவா?

லைசென்ஸ் என்ற சொல்லுக்கு உரிமம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஓட்டுநர் உரிமம், துப்பாக்கி உரிமம், மென்பொருள் உரிமம் என எல்லா இடத்திலும் அதுவே நிற்கிறது. முதல் இரண்டில் குழப்பமில்லை. மூன்றாவதில் அந்தச் சொல் நுகர்வோரைத் தவறான நம்பிக்கையில் விட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

இலத்தீனில் 'லிகேரே' என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அதிலிருந்து 'லிகென்டியா' பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆனது. ஓய்வுப் பொழுதைக் குறிக்கும் 'லெஷர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். சட்டத்திலும் பொருள் மாறவில்லை. கேட்காமல் செய்தால் அத்துமீறலாகும் ஒரு செயலை 'செய்துகொள்' என்று விடுவதே லைசென்ஸ். சொந்தமாதல் என்ற எண்ணம் இந்தச் சொல்லின் வரலாற்றில் எங்கும் இல்லை.

உரிமத்தின் வேரோ 'உரி'. உரிய, உரியவர், உரிமை, உரித்து எல்லாம் ஒரே குடும்பம். 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு' என்னும் குறளில், எலும்புகூடப் பிறருக்குச் சொந்தம் என்ற அளவுக்கு அந்தச் சொல் ஆழமாக இறங்குகிறது. ஆகவே உரிமம் என்று காதில் விழுந்ததுமே 'இது எனக்குரியது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இலங்கைத் தமிழில் ஓட்டுநர் உரிமத்தைச் சாரதி அனுமதிப்பத்திரம் என்பார்கள். அனுமதி வடசொல்தான், ஆனாலும் இலத்தீன் வேரின் பொருளுக்கு அது நம் உரிமத்தைவிட நெருக்கமானது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. விற்பனை என்றால் பொருள் கைமாறுகிறது; வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம், இரவல் தரலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு புத்தக வழக்கு வந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று பதிப்பகம் நூலிலேயே அச்சிட்டிருந்தது. விற்ற பிறகு மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தப் பதிப்புரிமை இடம் தராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் விற்பனைக் கோட்பாடு அங்கே வேரூன்றியது.

மென்பொருள் நிறுவனங்கள் இந்தக் கோட்பாட்டின் பிடியில் சிக்காமலிருக்கக் கண்டுபிடித்த வழிதான் 'நாங்கள் விற்கவில்லை, லைசென்ஸ் தருகிறோம்' என்ற வரி. 2010இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளின் பிரதிகளை ஒருவர் மறுவிற்பனை செய்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்த வரியை ஏற்றுக்கொண்டது. பிரதியை முதலில் பெற்றவர் உரிமையாளர் அல்லர், லைசென்ஸ் பெற்றவர் மட்டுமே. ஆகவே அவரிடமிருந்து வாங்கியவரும் விற்க முடியாது என்றது. இரண்டே ஆண்டில், 2012இல், ஆரக்கிள் மென்பொருள் பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறு திசையில் போனது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு காலவரையறையின்றிப் பயன்படுத்த விட்டால் அது விற்பனையே. தாளில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தாலும், வாங்கியவர் தன் பிரதியை அழித்துவிட்டு மறுவிற்பனை செய்யலாம் என்றது. பெயரைப் பார்க்காமல் நடந்ததைப் பார்த்த இந்தத் தீர்ப்பே எனக்கு நியாயமாகப் படுகிறது.

லைசென்ஸ் என்பது சொந்தமல்ல, வெறும் இசைவு என்பதால்தான் அதைத் திரும்பப் பெறவும் முடிகிறது. 2009இல் அமேசான், கிண்டில் என்னும் தன் மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் மின்னூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றைக் கடையில் ஏற்றிய நிறுவனத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் காசு கொடுத்த நூல் அலமாரியிலிருந்து தானாக மறையும் என்று அதுவரை யார் நினைத்திருப்பார்கள்?

லைசென்ஸ் நிபந்தனைகளில் வரும் இன்னொரு தொடர் 'உள்ளது உள்ளபடி'. பழுதிருந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்பதன் மரியாதையான வடிவம். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இதற்குத் தடை போட்டது: காசு கொடுத்துப் பெறும் மின்னணு உள்ளடக்கம் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும், சொன்னபடி இருக்க வேண்டும், வணிகர் எழுதும் எந்த நிபந்தனையும் அந்தக் கடமையைக் கழற்றிவிடாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் சட்டம் நேரே சொல்லிலேயே கைவைக்கிறது. திரும்பப் பெறக்கூடிய லைசென்ஸ் ஒன்றைத் தந்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தானில் எழுத முடியாது.

தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கிரயம், ஒற்றி, குத்தகை, வாடகை, இரவல் என்று சொந்தத்தின் ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழி இது. சந்தா கட்டும் மென்பொருள் வாடகை. பெரும்பாலான மற்றவை பணம் கொடுத்துப் பெற்ற இரவல். இவற்றுக்கு நான் பரிந்துரைப்பது 'பயன்பாட்டு இசைவு'. இசைவு என்றதுமே யாருடைய இசைவு, எதுவரை, எப்போது பறிக்கப்படும் என்ற கேள்விகள் தாமாக எழும்.

உரிமத்தை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். கட்டற்ற மென்பொருளுக்கென 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம், நிரலை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் விடுகிறது. நிபந்தனைகளை மீறாதவரை அந்த விடுதலை பறிபோகாது. கட்டற்ற மென்பொருளுக்கு உரிமம் என்ற பெயர் முழுப் பொருத்தம்.

கடைசியாக ஒரு பொத்தான். நிறுவும்போது வரும் 'ஏற்கிறேன்' என்பதைச் சிலர் 'இசைகிறேன்' என்றும் மொழிபெயர்க்கிறார்கள். அங்கே இரண்டு வேறு செயல்கள் நடக்கின்றன: நிறுவனம் தருவது இசைவு, நாம் தருவது ஒப்புதல். பொத்தானில் 'ஒப்புகிறேன்' என்றே இருக்கட்டும்.