பத்தாவது தாளில் இருக்கிறது நெத்திலிக் கணக்கு

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து வியாசர்பாடியில் விற்கும் அக்கா ஒருவர், அன்றன்று விற்ற கிலோவை நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் குறித்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை கிலோ நெத்திலி எடுப்பது? பழைய தாள்களைக் கூட்டிச் சராசரி பார்த்தால் போதுமென்றுதான் நானும் நினைத்தேன். போதாது.

கிலோ 150 ரூபாய்க்கு எடுத்து 250க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியதைக் கருவாட்டுக்காரர் 90க்கு வாங்கிக்கொள்வார். ஒரு கிலோ பற்றாமல் போனால் கைநழுவும் லாபம் 100. மிஞ்சினால் நட்டம் 60. பற்றாமல் போவதுதான் அதிகம் வலிக்கிறது, ஆகவே சற்றுக் கூடுதலாகவே எடுக்கலாம். எவ்வளவு? 100ஐ, நூறும் அறுபதும் சேர்ந்த 160ஆல் வகுத்தால் 0.625, அதாவது 16இல் 10. பதினாறு ஞாயிறுகளின் தாள்களைச் சிறிய விற்பனையிலிருந்து பெரியதாக அடுக்கிப் பத்தாவது தாளில் உள்ள எண்ணை எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றும் அடுத்த கிலோ விற்க 16இல் 6 பங்குதான் வாய்ப்பு, தேங்க 10 பங்கு. ஆறு நூறும் 600, பத்து அறுபதும் 600. தராசு நேராக நிற்கும் இடம் அது. கருவாட்டுக்காரர் வராத மழைநாளில் மிஞ்சினால் 150ம் போச்சு. 100ஐ 250ஆல் வகுத்தால் 0.4, அதாவது 16இல் 6.4. கணக்கு ஏழாவது தாளுக்கு இறங்கிவிடும்.

வங்கி எவ்வளவு ரொக்கம் கையிருப்பில் வைக்க வேண்டுமென்று 1888இல் பொருளியலாளர் எட்ஜ்வர்த் போட்ட கணக்கும் இதே வகைதான். பிற்காலத்தில் இதற்குப் பத்திரிகை விற்பவர் கணக்கு என்று பெயர் வந்தது. மீன்காரர் கணக்கு என்றே வைத்திருக்கலாம். நேற்றைய பேப்பர் நாறுவதில்லையே.

எல்லா ஞாயிறும் ஒன்றல்ல. புரட்டாசித் தாள்களைத் தனியே கட்டி வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள்களில் கொள்முதல் விலையே வேறு என்பதால் அவற்றையும் கலக்கக் கூடாது.

பெரிய பொறி இன்னொன்று. ஒரு தாளில் 35 என்று இருந்தது. அன்று ஒன்பது மணிக்கே கூடை காலி. பிறகு வந்தவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். தாள் சொல்வது விற்ற அளவு, கேட்ட அளவு அல்ல. அதை அப்படியே அடுக்கினால் அடுத்த வாரம் குறைவாக எடுப்போம், அதுவும் சீக்கிரம் தீரும், எண் இன்னும் இறங்கும். தீர்ந்த நேரம் தெரிந்தால் வழி உண்டு. நாள் முழுக்க மீன் இருந்த ஞாயிறுகளில் ஒன்பது மணிக்குள் பத்தில் ஏழு பங்கு விற்றிருந்தால், அந்த 35ஐ 50 என்று கொள்ளலாம். அக்கா இப்போது கிலோவுக்குப் பக்கத்தில் மணியையும் எழுதுகிறார்.