டிரைவர் முகம் கண்ணாடியில் தெரிகிறதா? சேலம் சந்திப்புகளில் டூ வீலர் ஓட்டுபவர்களுக்கு

சிவப்பு விழுந்ததும் சேலத்து டூ வீலர்காரர்களில் பாதிப் பேர் செய்யும் முதல் வேலை, நிற்கும் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே உள்ள சந்தில் வண்டியை நுழைத்து முன்வரிசைக்குப் போவதுதான். ஐந்து ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டு, அஸ்தம்பட்டி என்று எங்கே நின்று பார்த்தாலும் இதே காட்சி. வேகத்தைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சந்திப்புக்கு அந்த அறிவுரை மட்டும் போதாது. எங்கே நிற்கிறோம், நம்மை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அங்கே முக்கியம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரும் பஸ்ஸின் பின் சக்கரத்தில் சிக்கலாம்.

அந்த இடப்பக்கச் சந்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பஸ் டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் முழுவதற்கும் அவருக்கு இருப்பது ஒரு கண்ணாடிதான். முன் படிக்கட்டுக்குக் கீழேயும் பஸ்ஸின் பக்கவாட்டை ஒட்டியும் நிற்கும் டூ வீலர் அதில் விழாது. பச்சை விழுகிறது, பஸ் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நீளமான வண்டி என்பதால் டிரைவர் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, பிறகுதான் இடதுக்கு ஒடிப்பார். அந்த ஒரு நொடியில் இடப்பக்கச் சந்து அகலமாகி, "வழி விட்டுவிட்டார்" என்பது போலத் தெரியும். நம்பி உள்ளே போனவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் ஐந்தரை மீட்டர் உள்ள பஸ் நெருக்கமாகத் திரும்பும்போது, பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது. ஒன்றரை மீட்டர் வரைகூட உள்ளே தள்ளி, பிளாட்பாரத்தை உரசுவது போல வரும். முன்பக்கம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில் பின்பக்கம் நெருங்கி வந்திருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு உங்கள் ஹேண்டில்பாரின் வலது முனையை உரசினால், முன்னால் நகரும் பஸ் அந்த முனையையும் முன்னால் இழுக்கும். ஹேண்டில் இடது பக்கம் ஒடியும். ஹேண்டில் இடதுக்கு ஒடிந்தால் வண்டி சாய்வது வலப்பக்கம். அதாவது, பஸ் உங்களைப் பிளாட்பாரத்துப் பக்கம் தள்ளுவதில்லை, தன் அடியில் இழுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் ஏறிச் செல்வது ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

சரி, எங்கே நிற்பது? ஒரே சோதனை போதும்: பஸ், லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அவர் உங்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. பெரிய வண்டிக்குப் பின்னால் நிற்கும்போது நட்ட நடுவில் நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நில்லுங்கள். அதன் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். மேம்பாலத்தில் ஏறும் சரிவில் அந்த இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். கிளட்ச் விடும்போது லோடு வண்டி ஒரு அடி, இரண்டு அடி பின்னால் உருளும். லாரிக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நிற்பதும் அதே தவறுதான். உயரமான கேபினில் இருப்பவருக்கு வின்ட்ஷீல்டுக்குக் கீழே, மூக்குக்கு நேர் முன்னால் ஒரு டூ வீலரே மறைந்துபோகும். முன்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றால் திரும்பிப் பார்க்கும்போது அவர் முகம் வின்ட்ஷீல்டு வழியே முழுதாகத் தெரியும் தூரத்துக்குத் தள்ளிப் போங்கள்.

நின்ற பிறகு முதல் கியர், கிளட்ச் பிடித்தபடி, இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். உங்களுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு நியூட்ரல் போட்டு இன்ஜினை அணைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலை அதுவரை காத்திருக்கட்டும்.

மஞ்சள் விளக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள். கணக்கு எளிது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. மஞ்சளைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை லீவரை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்க இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 21 மீட்டர், ஏறக்குறைய இரண்டு பஸ் நீளம். ஸ்டாப் லைனுக்கு இரண்டு பஸ் நீளத்துக்கு அப்பால் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிற்க முடியும், நிற்க வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் தயங்காமல் கடந்துவிடுங்கள். அங்கே போய்ப் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறுவார். இதே கணக்கு 60 கி.மீ. வேகத்தில் 40 மீட்டராகிவிடும். அதனால்தான் சந்திப்பை நெருங்கும்போது இரண்டு விரல் முன் பிரேக் லீவர் மேல் இருக்க வேண்டும் என்கிறோம். கை தேடிப் போகும் நேரமாவது மிச்சமாகும்.

பச்சை விழுந்ததும் ஒரு மூச்சு பொறுங்கள். வலப்பக்கம் பாருங்கள், பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். நம் ஊரில் இடப்பக்கமாக ஓட்டுவதால் குறுக்கே சிவப்பைத் தாண்டி வருபவர் முதலில் உங்களை மோதுவது வலப்பக்கத்திலிருந்துதான். பக்கத்தில் பஸ் நிற்கிறது, அதனால் வலப்பக்கம் தெரியவில்லை என்றால் அந்த பஸ் நகரும்வரை நீங்களும் நகராதீர்கள். உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது.

குரங்குச்சாவடியிலிருந்து அண்ணா பூங்கா வரை நீளும் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் முழுதாகத் திறந்தபோது மேலே போகும் வண்டிகளுக்கு வசதி வந்தது. கீழே ஓட்டுபவர்களுக்குத் தூண்கள் வந்தன. தூணுக்குப் பின்னால் ஒரு டூ வீலர் முழுதாக மறைந்துவிடும், ஆட்டோவேகூட மறையும். யூ டர்ன் எடுக்கும் இடங்களில் தூணை ஒட்டி வளையாதீர்கள். வண்டியின் மூக்கை ஒரு மீட்டர் முன்னால் விட்டு, எதிரே தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஒடியுங்கள். மதிய வெயிலிலிருந்து பாலத்து நிழலுக்குள் நுழையும்போது கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். கறுப்பு வைசர் போட்டிருந்தால் அந்த நேரம் இன்னும் இருட்டு. எங்கள் கருத்து, ஊருக்குள் ஓட்டுபவருக்குக் கறுப்பு வைசர் தேவையே இல்லை.

குறுக்குத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் கார் வரப்போகிறதா, நிற்குமா? டிரைவர் கண்ணைப் பார்த்து நம்பாதீர்கள். உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருபவர்கள் உண்டு, ஏனென்றால் சின்ன வண்டி தூரத்தில் மெதுவாக வருவதாகவே தோன்றும். அந்தக் காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். பாடி அசைவது தெரிவதற்கு முன்பே சக்கரம் உருள ஆரம்பிப்பது தெரியும். இன்னொரு குறிப்பு: குறுக்கே வரும் வண்டி உங்கள் பார்வையில் இடம் மாறாமல் ஒரே புள்ளியில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே வேகத்தை மாற்றுங்கள்.

ரவுண்டானாவில் உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்குத்தான் முன்னுரிமை. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வதும் அதுதான். நடைமுறையில் பெரிய வண்டிக்கு முன்னுரிமை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் லாரியிடம் போய் அதை நிரூபிக்க வேண்டாம். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி போன்ற பைபாஸ் சந்திப்புகளில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ராங் சைடில் வருபவர்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் மட்டும் பார்ப்பது அங்கே போதாது.

இனி வண்டி. சந்திப்பில் நீங்கள் மற்றவர்களோடு பேசுவது விளக்குகளால்தான், அந்தப் பேச்சு பல வண்டிகளில் பாதியில் நின்றிருக்கிறது. சாதாரண பல்ப் உள்ள டெயில் லைட்டில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை: 5 வாட் இழை எப்போதும் எரிவது, 21 வாட் இழை பிரேக் பிடித்தால் எரிவது. பெரிய இழை அறுந்துபோனாலும் சின்னது எரிந்துகொண்டிருப்பதால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது முன் பிரேக் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச். மழைத் தண்ணீரும் தூசியும் புகுந்து அது இறுகிவிட்டால், முன் பிரேக் மட்டும் பிடிக்கும்போது பின்னால் எதுவும் எரியாது. இரவில் சுவர் பக்கம் பின்புறத்தைக் காட்டி நிறுத்தி, முதலில் கை லீவர், பிறகு கால் பெடல் என்று தனித்தனியாக அழுத்திச் சுவரில் வெளிச்சம் கூடுகிறதா என்று பாருங்கள். பத்து நொடி வேலை.

இண்டிகேட்டர் பெரும்பாலான டூ வீலர்களில் தானாக அணையாது. நான்கு ரோடு சந்திப்பில் போட்ட இடது இண்டிகேட்டர் அஸ்தம்பட்டி வரை மினுக்கிக்கொண்டே வரும். இவர் திரும்பப்போகிறார் என்று நம்பிக் குறுக்குத் தெருவில் இருப்பவர் வண்டியை விடுவார். திரும்பி முடித்ததும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி அணைப்பதைப் பழக்கமாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக மினுக்கினால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது.

அம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டி பக்கம் நூல் மூட்டையும் துணிக் கட்டும் ஏற்றிய எக்ஸெல் வண்டிகளை நாள் முழுக்கப் பார்க்கலாம். பிழைப்பு அது, ஏற்றாதே என்று சொல்லிப் பயனில்லை. மூட்டை ஹேண்டில்பார் அகலத்தைத் தாண்டக் கூடாது. டெயில் லைட்டையும் இண்டிகேட்டரையும் மறைக்கக் கூடாது. கண்ணாடித் தண்டை வெளிப்பக்கம் நீட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரத்தின் பிடி குறையும், அதனால் சந்திப்பில் ஹேண்டிலை ஒடிக்கும்போது வண்டி நேராக இழுக்கும். முடிந்த பாரத்தை நடு மேடையில், தாழ்வாக வையுங்கள்.

மழை நாளில் ஜீப்ரா கோடும் ஸ்டாப் லைனும் சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். அந்தப் பெயின்ட் பட்டைகள் வருவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். பஸ்கள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய நடுப்பட்டை முதல் மழையில் இன்னும் மோசம். சக்கரத் தடத்தில் போங்கள்.

ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். பட்டையை மாட்ட வேண்டும். மெதுவாகத்தானே போகிறேன் என்பவருக்கு: நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போனால் பாதுகாப்புப் பட்டை, குழந்தை ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேல் போகாத வேகம் ஆகிய மூன்றும் 2023 முதல் விதி.

ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவரின் டிரம் கொதித்திருக்கும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகும், பிடி குறையும். டிஸ்க் வண்டியில் ஆயில் சூடாகி லீவர் பஞ்சு போலாகலாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். அடிவாரம் தாண்டியதும் ரோடு நேராகி வேகம் தானாகக் கூடும், சற்று நேரத்தில் கோரிமேடு, அடுத்து அஸ்தம்பட்டி நெரிசல். அதற்கு முன் அடிவாரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிளம்பியதும் 20 கி.மீ. வேகத்தில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஆறிய பிறகும் லீவர் கைப்பிடியைத் தொட்டால் அஸ்தம்பட்டி வரை ஓட்டாதீர்கள். வண்டியை ஓரம் கட்டி மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.